தாத்தா திருடாத வார்

புதுவாயல்,
பிப்ரவரி 1, ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகன் பார்த்திபனுக்கு அம்மா திலகவதி எழுதுவது. இங்கே நான், அப்பா, தாத்தா, போன மாதம் கன்று போட்ட எருமை எல்லோரும் சுகம். நீயும் அந்தக் கொரியாக் குளிரில் காதும் மூக்கும் இருந்த இடத்திலேயே இருக்க, சுகமாயிருக்க வேண்டும் என்று கும்பிட்டுக்கொள்கிறேன். கையில் போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். இந்த விஷயத்தைப் போனில் ஆரம்பித்தால் தாத்தா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அப்டி இல்ல இப்டி என்று குறுக்கே பூந்து என் கதையைக் கெடுத்துவிடுவார். பார்சலில் எலுமிச்சை ஊறுகாயும் இட்லிப் பொடியும் வருகிறது, அதோடு இதையும் வைத்துவிட்டேன். ஊறுகாய் எண்ணெய் கசிந்து எழுத்து அழிந்திருந்தால் அந்த இடத்தில் நான் உன்னைத் திட்டியிருக்கிறேன் என்று எடுத்துக்கொள். அப்பா இரும்பு கம்பெனியில் முதல் ஷிப்டுக்கு மாறிவிட்டார். மத்தியானமே வந்துவிடுவதால் என் சமையலில் குற்றம் கண்டுபிடிக்க அவருக்கு நிறைய நேரம் கிடைக்கிறது. அது கிடக்கட்டும், விஷயத்துக்கு வருகிறேன், நாம் ஜெயித்துவிட்டோம்டா பார்த்தி.

நம் வீட்டுக்கு ஊர் வைத்திருந்த பெயர் உனக்குத் தெரியும், வாரு ஊடு. ஐந்தாம் வகுப்பில் நீ அழுதுகொண்டே வந்து, தாத்தா மிலிட்டிரியில் துப்பாக்கி வாரைத் திருடி ஜெயிலுக்குப் போனாராமே என்று கேட்டாய். நான் மிக்சியை ஓடவிட்டுக் காது கேட்காதது போல் நின்று தப்பித்தேன். வெறும் மிக்சி, உள்ளே ஒன்றும் இல்லை. தாத்தாவுக்கு முன்பல் இல்லாததற்கும் ஊர் காரணம் வைத்திருந்தது, வாரைத் திருப்பிக் கேட்டு அடித்ததில் போயிற்றாம். அவருக்கு மாதாமாதம் பென்ஷன் வருவதைப் பார்த்தாவது யோசித்திருக்கலாம், அதற்கும் எதிர்வீட்டுக் குப்பம்மாள், திருடனவனுக்கே பென்ஷன் குடுக்குதுன்னா கவருமெண்டு எவ்ளோ நல்ல கவருமெண்டு பாரு என்றாள். ஊரைச் சொல்கிறேனே, நான் மட்டும் என்ன ஒழுங்கு? கல்யாணமாகி வந்த முதல் வாரமே என் கைப்பையை அதன் வாரோடு பீரோவில் வைத்துப் பூட்டிய புத்திசாலி நான். இந்த வீட்டில் ஆம்பளை யாரும் பெல்ட் கட்டுவதில்லை என்பதையும் ஏதோ குலவழக்கம் என்று நினைத்து, பேண்ட்டு அவிழ்ந்து விழாமல் அப்பாவுக்கு நாடா தைத்துக் கொடுத்தே இருபத்தேழு வருஷம் ஓட்டிவிட்டேன்.

போகிக்கு முதல் நாள் பரண் துடைத்தபோது ஒரு பிஸ்கட் டப்பா கிடைத்தது. உள்ளே துருப்பிடித்த பேட்ஜ் ஒன்று, மடித்து மடித்து நாலு துண்டாகிவிட்ட தந்தி ஒன்று. பிளஸ் டூவில் இருநூற்றுக்கு எழுபத்திரண்டு வாங்கிய என் ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டினேன். உங்கள் மகன் சிப்பாய் அருணாச்சலம், பிரிசனர் ஆஃப் வார். சத்தியமாகச் சொல்கிறேன், நானும் முதலில் வார் என்றுதான் படித்தேன். ஆமாம், எழுதியே வைத்திருக்கிறானே, வாருக்காகத்தான் கைதி என்று தலையாட்டிக்கொண்டு தந்தியை மடித்தும் வைத்துவிட்டேன். அப்புறம் அடுப்பில் பால் பொங்கியது, அதோடு எனக்கும் மண்டைக்குள் பொங்கியது. அடிப்பாவி திலகா, வார் என்றால் சண்டையடி! போர்க்கைதி! அந்தக் காலத்தில் நம் ஊரில் ஆங்கிலம் தெரிந்த ஒரே ஆள், அதாவது தெரியாது என்று சொல்லத் தெரியாத ஒரே ஆள், மெம்பர் சந்திரமோகனுடைய அப்பா. அவர்தான் தெருவில் நின்று தந்தியைப் படித்திருக்கிறார். பிரிசனர்னா ஜெயில்ல கீறான், ஆஃப் வார்னா வாரு, வாரு கேஸு, அவ்ளோதான். எழுதப் படிக்கத் தெரியாத குடும்பம், ஐயோ வாரா என்று அழுதிருக்கிறது. ஊர் ஐம்பத்துநாலு வருஷம் அதைப் பிடித்துக்கொண்டது.

தந்தியைத் தூக்கிக்கொண்டு தாத்தாவிடம் ஓடினேன், மாமா நீங்க திருடனே இல்லையாமே என்று. உலகத்தில் எந்த மருமகளும் மாமனாரிடம் இப்படி ஒரு நல்ல செய்தி சொல்லியிருக்க மாட்டாள். அவர் மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தார். நிமிர்ந்துகூடப் பார்க்காமல், அத்த போகிக்கு போட்டுடு திலகா என்றார். நான் விடவில்லை. ஏன் மாமா இத்தனை வருஷம் வாயைத் திறக்கவில்லை என்று கேட்டேன், கேட்டேன், தவிடு கரையும்வரை கேட்டேன். கடைசியில் சொன்னார், திருடன்னா ஒரு வாருதாம்மா போச்சி, கைய தூக்கனவன்னு தெரிஞ்சா இன்னா மிச்சம் என்று. எழுபத்தைந்து வயதில் இன்றைக்கும் அவர் பயந்தது சரணடைந்தவன் என்கிற அந்த ஒரு வார்த்தைக்குத்தான்.

அன்றைக்கு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். எழுபத்தொன்றாம் வருஷச் சண்டை, மேற்கு எல்லையில் ஒரு கால்வாய்க்கரை. பதினோரு பேர். இரண்டு நாள் கரையை விடாமல் காத்தார்கள், மூன்றாம் நாள் குண்டு தீர்ந்துவிட்டது, இரண்டு பேருக்குக் காலிலும் வயிற்றிலும் காயம். இனி நின்றால் அந்த இரண்டு பேரும் செத்துப்போவார்கள் என்று ஹவில்தார்தான் முடிவெடுத்தாராம். வெள்ளைத் துணி வேண்டும், தாத்தாவின் பனியன்தான் கொஞ்சம் வெள்ளை. அதைக் கழியில் கட்டக் கயிறு இல்லை. தாத்தா தன் துப்பாக்கியின் வாரைக் கழற்றி, அதனால் பனியனைக் கட்டித் தூக்கியிருக்கிறார்! புரிகிறதா பார்த்தி? ஒரு வருஷம் கழித்து அவர் ஊருக்குத் திரும்பி வந்து பஸ்ஸை விட்டு இறங்கினால், எதிரே வந்தவன் எல்லாம், இன்னா அருணாச்சலம், வாரு மேட்டரு கேள்விப்பட்டோம் என்கிறான். இவருக்கு உயிரே போய்விட்டது. வாரில் பனியன் கட்டியதுவரைக்கும் ஊருக்குத் தெரிந்துவிட்டதே என்று இரண்டு நாள் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. மூன்றாம் நாள்தான் புரிந்ததாம், இவர்கள் திருடன் என்று நினைக்கிறார்கள் என்று. அப்பாடா என்று எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டாராம். திருட்டுப்பட்டம் கிடைத்ததற்கு நிம்மதியாக முகம் கழுவிய ஆள் இந்த மாவட்டத்திலேயே உன் தாத்தா ஒருவர்தான்.

முகாமைப் பற்றியும் கேட்டேன். பிடித்த அன்று ஒருவன் துப்பாக்கிக் கட்டையால் வாயில் இடித்தான், பல் போனது அதில்தான். ஆனால் அவனுடைய அதிகாரி ஓடிவந்து அவனைத்தான் அறைந்தாராம், கைய தூக்கனவன அடிக்கக் கூடாதுன்னு உலகத்துக்கே ஒரு சட்டம் கீதும்மா என்கிறார். அப்புறம் கம்பி வேலி, குளிர், பேன், கல்லு கலந்த பருப்பு. சில நாள் ஏச்சு, சில நாள் டீ. காயம்பட்ட இரண்டு பேரையும் அவர்கள் டாக்டரே தைத்துப் பிழைக்கவைத்தார். சமையல்காரர் ஒருவர், நம்மவர் ரொட்டியைப் பார்த்து முழிப்பதைப் பார்த்துவிட்டு, வாரத்துக்கு ஒரு நாள் ஒரு கை அரிசி தனியாகக் கஞ்சி வைத்துத் தருவாராம். தாத்தா அவருக்கு ஒரே ஒரு தமிழ்ச் சொல் கற்றுக்கொடுத்தார், சாப்ட்டியா. அந்த மனிதர் அதற்கப்புறம் முகாமில் இருந்த பஞ்சாபிக்காரர்களிடமும் போய் சாப்ட்டியா, சாப்ட்டியா என்று கேட்டுக்கொண்டே பரிமாறினாராம். இதைச் சொல்லும்போது தாத்தா சிரித்தார், பல் இல்லாத இடம் தெரிய. அதே மாதம் டாக்காவில் அவர்கள் பக்கத்தில் தொண்ணூற்று மூவாயிரம் பேர் நம்மிடம் சரணடைந்தார்கள் என்று நான் போனில் தேடிப் படித்துக் காட்டினேன். அத்தனை பேர் கையைத் தூக்கியதற்கு ஊரெல்லாம் பட்டாசு வெடித்தார்களே மாமா, பதினோரு பேர் தூக்கியதற்கு நீங்கள் ஏன் ஒளிய வேண்டும் என்றேன். அவர் தவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டே, அந்த தொண்ணூத்தி மூவாயிரம் பேரும் அவங்க ஊர்ல போயி இன்னா சொல்லிக்கினாங்களோ, அத்ததாம்மா நான் தெனம் நெனச்சிக்கிறேன் என்றார். என் வாய் மூடிக்கொண்ட தேதியைக் காலண்டரில் குறித்து வைக்கலாம்.

தந்தியைப் பற்றி ஊரில் மூச்சு விடமாட்டேன் என்று எருமைமேல் சத்தியம் வாங்கிக்கொண்டார். பதிமூன்று நாள் காப்பாற்றினேனடா. வயிறு உப்பிவிட்டது. இருபத்தாறாம் தேதி பள்ளிக்கூடத்து மைதானத்தில் கிராம சபை. நம் தெருவுக்குப் புதிதாக சிமென்ட் போட்டிருக்கிறார்கள், அதற்குப் பெயர் வைக்கத் தீர்மானம். சந்திரமோகன் எழுந்தார். அவர் மெம்பர் பதவி முடிந்து ஒரு வருஷம் ஆகிறது, இன்னும் மெம்பரே என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பார். புச்சா இன்னாத்துக்கு பேரு, வாரு ஊட்டுத் தெருன்னே எழுதிடுங்க, கொரியர்காரனுக்குகூட தெரியும் என்றார். மைதானமே சிரித்தது. குப்பம்மாள் விடுவாளா, தெரு முனைல ஒரு வாரு தொங்க வுட்டா போர்டே வாணாம் என்றாள். நான் எருமையை நினைத்துப் பல்லைக் கடித்தேன். தீர்மானத்தைக் குனிந்து எழுதிக்கொண்டிருந்த செயலர் கல்பனா பள்ளிப்பட்டுப் பெண், வந்து ஒரு மாதம்தான் ஆகிறது, ஊர்க்கதை ஒன்றும் தெரியாது, அதையும் எழுதிக்கொண்டார்: வாரு ஊட்டுத் தெரு.

அப்போது தாத்தா எழுந்தார். யாரும் கூப்பிடவில்லை. நடந்து போய் மைக்கை வாங்கினார், அது கீச்சென்று கத்தியது, கத்தி ஓயும்வரை நின்றார். நான் வாரு திருடல என்றார். சண்டைல குண்டு தீந்துபோச்சி. என் வாருலதான் வெள்ள பனியன கட்டி தூக்கினோம். நானும் ரெண்டு கையையும் தூக்கினு நின்னேன். ஒரு வருசம் அவங்ககிட்ட கைதியா இருந்தேன். சண்டைக்கு இங்கிலீசுல வாருன்னு பேரு, அது உங்களுக்கும் தெரியல, நானும் சொல்லல. திருடன்னு நீங்க சொன்னப்போ எனக்கு பேஜாரா இல்ல, அது சுலுவா இருந்திச்சி. இப்போ தெருவுக்கே எழுதப் போறீங்கோ. எழுதறதுன்னா உண்மைய எழுதுங்கோ, கைய தூக்கினவன்னு. சொல்லிவிட்டு மைக்கைக் கீழே வைத்து, அன்றைக்கு எப்படி நின்றாரோ அப்படியே இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றுவிட்டார். உன் அப்பா நாற்காலிக் கையைப் பிடித்த பிடியில் பிளாஸ்டிக் விரிசல் விட்டது. எழுதி முடித்து நிமிர்ந்த கல்பனா பார்த்தார், ஒரு பெரியவர் இரண்டு கையையும் தூக்கி நிற்கிறார். கிராம சபையில் கை தூக்கினால் அவருக்குத் தெரிந்த அர்த்தம் ஒன்றுதான். ஐயா ஆதரவு தெரிவிக்கறாரு, ஒரு கை போதும் ஐயா, மத்தவங்க என்று கேட்டுவிட்டார்!

நான் இரண்டு கையையும் தூக்கினேன். அப்பா தூக்கினார். மாதா கோயில் பக்கத்து மேரி அக்கா தூக்கினார். அப்புறம் வரிசை வரிசையாக, பார்த்தி, கம்பெனிச் சட்டைக்காரர்கள், பிள்ளையை இடுப்பில் வைத்திருந்தவள், எல்லோரும் இரண்டு இரண்டு கையாக. முழு ஊரும் உன் தாத்தாவிடம் சரணடைந்து நின்றது. தூக்காமல் இருந்தது சந்திரமோகன் மட்டும்தான். எழுந்து வந்தார், பெரிப்பா, எங்கப்பா எட்டாவது ஃபெயிலு, அத்த வெளிய சொல்லாத என்றார். மைக் அணையவில்லை, புதுவாயல் மேம்பாலம் வரைக்கும் கேட்டிருக்கும். அவரும் இரண்டு கையையும் தூக்கினார். தாத்தா அவர் கையைப் பிடித்து இறக்கிவிட்டு, போதும் எறக்குடா, தோள் வலிக்கும், எனக்கு தெரியும் என்றார். தெருவுக்கு என் பேரு வாணாம், நாங்க பதினோரு பேரு என்றார். கல்பனா வாரு ஊட்டுத் தெருவை அடித்துவிட்டு, சிப்பாய் தெரு என்று எழுதினார். ஒருவர்கூட எதிர்ப்பில்லை. ஒருவேளை சத்தியத்தை மீற வேண்டி வந்தால் என்று நான் நாலு பக்கம் எழுதி, குக்கர் முன்னால் ஒத்திகை பார்த்த பேச்சு இடுப்பில் செருகியபடியே வியர்வையில் நனைந்து போனது.

மறுநாள் குப்பம்மாள் வந்தாள், முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு. ஐம்பது வருஷப் பாக்கியைத் தீர்க்க நான் முந்தானையை இழுத்துச் செருகினேன். தாத்தா உள்ளே இருந்தே, திலகா, சரணடைஞ்சவங்கள அடிக்கக் கூடாது, சட்டம் என்றார். சரி என்று உட்காரவைத்து, சாப்ட்டியா என்று கேட்டு, இட்லி வைத்தேன். சட்னிக்கு மட்டும் பத்து பச்சை மிளகாய். அதைப் பற்றிச் சட்டத்தில் ஒன்றும் இல்லை.

வேலைக்கு வெறும் வயிற்றில் போகாதே, கம்பெனி உலை நெருப்பருகில் நிற்கிறவன் நீ. தாத்தா தினமும் உன் பெயரைச் சொல்லி விபூதி எடுத்து வைக்கிறார், எங்கள் எல்லோருடைய ஆசீர்வாதமும் உனக்கு. முக்கியமான விஷயம், பொடி டப்பாவுக்கு அடியில் ஒரு பொட்டலம் இருக்கும். தாத்தா தானே புதுவாயல் கூட்டுரோடு கடைக்கு நடந்து போய் மூன்று தோல் பெல்ட் வாங்கி வந்தார், தனக்கு ஒன்று, உன் அப்பாவுக்கு ஒன்று, உனக்கு ஒன்று. கடைக்காரரிடம் பில் கேட்டு வாங்கி, அதையும் பெல்ட்டோடு சுற்றி வைத்திருக்கிறார், வாங்குனது, திருடல, அத்தயும் எழுது என்கிறார். எழுதிவிட்டேன். ஐந்து துளை இருக்கிறது. இறுக்கிக் கடைசித் துளையில் மாட்டினால் நீ சரியாகச் சாப்பிடவில்லை என்று நான் தெரிந்துகொள்வேன், எந்தத் துளை என்று உண்மையை எழுது. கீழே உள்ள விலாசத்துக்கே எழுது.

உன் அம்மா,
மோ. திலகவதி,
சிப்பாய் தெரு, புதுவாயல்.