வெள்ளைக் கையுறையும் பழைய பேப்பர்த் தராசும்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. என் முழங்காலைத் தவிர வீட்டில் எல்லோரும் சுகம், அப்பா குறட்டை உட்பட நலம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை புத்தகம் எரிக்கிற கதையே எழுதிக்கொண்டு அடுப்பில் எதையாவது கருகவிடுகிறாயா?

உன் நாவலைப் படித்து முடித்தேன். வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு புத்தகங்களைக் கொளுத்தும் அதிகாரி, சரி. ஆனால் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, எந்த வீட்டில் புத்தகம் ஒளிந்திருக்கிறது என்று அவனிடம் போட்டுக்கொடுக்கிறாளே ஒருத்தி, கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டு வீடெல்லாம் அதைத் தேடுகிறவள், அது யார் என்று எனக்குத் தெரியாதா? உன் அத்தை அது தான்தான் என்று தெருவெல்லாம் பெருமையடிக்கிறாள். நான் திருத்தவில்லை, சந்தோஷமாக இருந்துவிட்டுப் போகட்டும்.

போன வாரம் நம் தெரு நூலகத்தில் வாசகர் வட்டம் கூடி உன் நாவலைப் பிரித்து மேய்ந்தது. வட்டத் தலைவர் நம் பல் டாக்டர்தான். ஊரையெல்லாம் வாயைத் திறக்கச் சொல்லிப் பழகியவர், தன் வாயை மட்டும் மூடுவதில்லை. "அந்தக் கையுறை ஒரு குறியீடு. குத்தம் செய்யறவன் கையில கறை படியாது பாருங்க!" என்று மேஜையைத் தட்டினார். தையல்காரர், "கை சுடாம இருக்கப் போட்டிருப்பான் டாக்டர், நீங்க கிளினிக்ல போடறதில்லையா?" என்றார். டாக்டர் கண்கலங்கி, ஒரு புத்தகத்தையும் அழியவிடமாட்டோம் என்று எல்லோரையும் உறுதிமொழி எடுக்கவைத்து, உனக்குப் பாராட்டு விழா என்றும் அறிவித்தார்.

விழாவன்று காலையில் வழக்கம்போல எட்டிப் பார்த்தேன். நூலக வாசலில் பழைய பேப்பர்காரர் வண்டி. மேடை போட இடம் வேண்டுமாம், குழந்தைப் புத்தக அலமாரியைக் காலி செய்கிறார்கள்! தூசி ஒட்டாமலிருக்க டாக்டர் கையில் வெள்ளைக் கையுறை வேறு. ஓடினேன், முழங்கால் பின்னாலேயே வந்தது. இதென்ன அநியாயம் என்றால், "எரிக்கலையேம்மா, எடைக்குத்தானே போடறோம்" என்கிறார். தராசில் கட்டிவைத்திருந்த புத்தகங்களின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். பேப்பர்காரர் பதறி, "அக்கா, எந்திரிங்க, தராசு போயிடும்" என்றார். போகட்டும் என்றேன். கையோடு அடியிலிருந்து ஒரு யானைப் படப் புத்தகத்தை உருவி டாக்டரிடம் நீட்டினேன், அதன் மூலையில் நாலு வயதில் நீ கடித்துவைத்த பல் தடம். "இது யார் பல்லுன்னு தெரியுதா? நீங்க பிடுங்கினதுதான். சாயங்காலம் பாராட்டப்போறதும் இவளைத்தான்." மனுஷன் மூலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கையுறையைக் கழற்றிவிட்டு முதல் புத்தகக் கட்டை அவரே தூக்கி நம் வீட்டில் கொண்டுவந்து வைத்தார்.

நீ வரமுடியாவிட்டாலும் விழா அமர்க்களம். மறுபடியும் உறுதிமொழி, நான்தான் பலமாகக் கைதட்டினேன். அலமாரியைத் திரும்ப மாட்டும்வரை புத்தகங்கள் உன் கட்டிலில்தான், நீ வந்தால் கூடத்தில் படு. தெருப் பிள்ளைகள் செருப்போடு உன் அறைக்குள் வந்து போகிறார்கள்.

நோய்நொடியில்லாமல் நன்றாக இரு, நிறைய எழுது. மறக்காதே, அடுத்த பதிப்பில் அந்த ஜன்னல்காரியைக் கொஞ்சம் திருத்து. அவள் எட்டிப் பார்க்கட்டும், பார்த்ததும் அதிகாரியிடம் ஓடவேண்டாம், புத்தகத்தின் மேல் போய் உட்காரட்டும்.

இப்படிக்கு,
கண்ணாடியைத் தேடிக்கொண்டிருக்கும்
உன் அம்மா