மாமனுக்குப் பதில் வந்த துண்டு

தென்காசி
ஆடி 20

அன்பு மகன் மணிகண்டபிரபுவுக்கு அம்மா எழுதுவது. இங்கன சாரல் விடாமப் பெய்யுது, என் முழங்காலைத் தவிர எல்லாரும் சுகம். கத்தார் வெயில்ல நீ தலைக்கு எண்ணெய் வைக்கியா, நேரத்துக்குச் சாப்பிடுதியா. போன்ல சொன்னா சரிம்மா சரிம்மான்னு வச்சிருவ, அதான் எழுதுதேன்.

உன் பார்சல் வந்துச்சு. உன் தங்கச்சி வேல்விழிதான் பிரிச்சா. லீவு கிடைக்கல, மருமவ ஆஷிகா காதுகுத்துக்கு இந்தத் துண்டை யார் மடியிலயாவது விரிச்சு உக்கார வைங்க, மாமன் மடின்னு நெனச்சுக்கிடுங்கன்னு உள்ள ஒரு சீட்டு. பக்கத்துல நின்ன அவ மாமியார், மாமன் பார்சல்ல வந்துட்டாராக்கும், காப்பி குடுங்கன்னு சிரிச்சா. வேல்விழி துண்டை மடிச்சு வச்சிட்டா. அன்னையில இருந்து சரியாச் சாப்பிடல.

உனக்கு ஒரு வயசுல குற்றாலத்துல காது குத்தினோம். என் கூடப்பிறந்த நாறும்பூநாதன் வரல, பச்சைக்கரை போட்ட துண்டு ஒண்ணு குடுத்துவிட்டான். அடுத்த வீட்டுப் பிச்சைமணி மடியில அதை விரிச்சு உன்னை வச்சோம். ஒரு வருசம் தெருவுல உன்னைத் துண்டு மருமவன்னு கூப்பிட்டாளுவ, யார் யார்னு இன்னைக்கும் சொல்லுவேன். துணி என்னலே செய்யும், கடையில கிடந்தா வெறும் துணி. ஆள் உக்கார வேண்டிய இடத்துல கிடந்தா, நீ எனக்கு வேண்டாம்னு சொல்லிக்கிட்டே கிடக்கும். முப்பத்தஞ்சு வருசமா அவன்கூட நான் பேசல.

நேத்து அவனே வந்துட்டான். யார் சொன்னாளோ. அன்னைக்குத் துண்டு தந்தேன், இன்னைக்கு மடி தாரேன், ஒரு வார்த்தை கூப்பிடுன்னு வாசல்லயே நின்னு அழுதான். நான் காப்பியை வச்சிட்டு உள்ள போயிட்டேன்.

உன் துண்டை இதுகூடவே திருப்பி அனுப்புதேன். புதுக் கோடித் துணியைச் சும்மா திருப்பப்படாதுன்னு ஓரத்துல மஞ்சள் தொட்டிருக்கேன். ஆவணி அஞ்சாம் தேதி காதுகுத்து, இன்னும் பதினாறு நாள் இருக்கு. அதைத் தோள்ல போட்டுக்கிட்டு நீ வா. வராட்டா பிள்ளை நாறும்பூ மடியிலதான் உக்காரணும், நான்தான் போய் அவனைக் கூப்பிடணும். வேல்விழி முகத்துக்காகக் கூப்பிடத்தான் செய்வேன். ஆனா அவன்கூடப் பேசாம இருந்ததை முடிச்சு, உன்கூடப் பேசாம இருக்க ஆரம்பிக்க வச்சிராதலே.

குற்றாலநாதர் உன்னைக் காப்பாத்தட்டும், நோய்நொடி இல்லாம இரு. கோடாலித் தைலம், சோப்பு ஒண்ணும் வாங்காத, ஆள் வந்தாப் போதும்.

உன்னைப் பெத்தவ,
உலகம்மாள்