உச்சிப் புத்தகத்தில் ஒரு பெயர்

12 மார்ச் 2016

குணசேகரம் மாமாவுக்கு,

அப்பாவுக்குச் சுவிஸ் குடியுரிமை கிடைக்காமல் செய்தது நீங்கள். ஊர்க் குடியுரிமைக் கொமிசன் அனுப்பிய கடிதத்தில், அப்பாவின் நண்பர் என்று உங்களை விசாரித்ததாகப் பெயரோடு இருக்கிறது: "மகேஸ்வரன் ரோட்டெக் மலையில் ஏறுவதில்லை. ஊரோடு ஒட்டுவதில்லை."

பஸ் அடிவாரத்தோடு நின்றுவிடும். பதினேழு வருடமாக அப்பா நடந்து ஏறி, உச்சி உணவகத்தில் கோப்பை கழுவுகிறார். உங்களுக்குத் தெரியாதா?

தக்ஷிகா

20 மார்ச் 2016

அன்பு மகள் தக்ஷிகாவுக்கு,

சுகமா இருக்கிறாயோ? இந்திரா மாமியும் கேட்டவ.

மலைக்குப் போறவரோ எண்டு கேட்டாங்கள். சம்பளத்துக்கு ஏறுறது ஏறுறதோ பிள்ளை? மலையைச் சுத்தி இருக்கிற மூண்டு ஊரிலையும் முதல் பாஸ்போர்ட் எடுத்த தமிழன் நான். ஆகஸ்ட் முதலாம் திகதி, சுவிஸ் நாளிலை, ஆசையா ஏறி, ஏறினவை பேர் எழுதுற உச்சிப் புத்தகத்திலை என்ரை பேர் எழுதினனான். அதைப் பாத்துத்தான் என்னை நம்பினவங்கள். கொப்பரும் அப்பிடிச் செய்திருக்கலாம். எல்லாரையும் நான் தூக்கிச் சுமக்கேலாது.

அன்புடன்,
மாமா

27 மார்ச் 2016

மாமா,

நேற்று முழங்கால் பனியில் ஏறினேன். பழைய புத்தகங்கள் உணவக அலமாரியில் இருக்கின்றன. 2009 ஆகஸ்ட் முதலாம் திகதிப் பக்கத்தில் உங்கள் பெயர் இருக்கிறது. அப்பாவின் கையெழுத்தில்.

அப்பாவிடம் கேட்டேன். "அவருக்கு மூச்சு வாங்கிப் பாதியிலை நிண்டிட்டார். என்ரை பேரை எழுதிவிடு எண்டார், எழுதினன். உதைப் போய்க் கதைக்காதை" என்றார். தன் பெயரை அவர் எழுதவில்லை. வேலைக்கு வந்தவன் எதற்கு எழுத வேண்டும் என்று நினைத்தாராம்.

படம் எடுத்துவிட்டேன். ஏப்ரல் 15 ஊர்க்கூட்டத்தில் விண்ணப்பம் மறுபடி வருகிறது. எழுந்து உண்மையைச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் படம் திரையில் வரும்.

தக்ஷிகா

16 ஏப்ரல் 2016

குணசேகரத்துக்கு,

பதிலும் இல்லை, நீங்களும் வரவில்லை. நான் படத்தோடு எழுந்தேன். அப்பா கையைப் பிடித்து இருத்திவிட்டார். வாக்கெடுப்பில் விண்ணப்பம் தோற்றது. இன்று காலையும் அவர் வேலைக்கு ஏறிப் போனார்.

நான் அப்பா இல்லை. 24ஆம் திகதி, ஞாயிறு, காலை பத்து மணிக்கு அடிவாரத்தில் நிற்பேன். எத்தனை தரம் மூச்சு வாங்கினாலும் நீங்கள் ஏற வேண்டும். உச்சிப் புத்தகத்தில் அப்பாவின் பெயரை உங்கள் கையால் எழுத வேண்டும்.

மகேஸ்வரனின் மகள்

24 ஏப்ரல் 2016

இரண்டு மணி வரை நின்றேன். அடுத்த ஞாயிறும் நிற்பேன். படம் என்னிடம்தான் இருக்கிறது.

வந்து ஏறுங்கள்.