கொட்டாஞ்சேனை ஜன்னலுக்கு ஒரு கமரா

வெள்ளவத்தை
2025 பெப்ரவரி 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

அந்தக் குளிருக்குள் நீங்களும் அண்ணியும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். ரெலிபோனில் கூப்பிட வேண்டாம் என்று சொன்னதற்குக் கோபிக்காதீர்கள். இந்த வாடகை அறையில் என்னோடு இன்னும் இரண்டு பெண்கள் இருக்கிறார்கள். கதைக்கத் தொடங்கினால் அழுதுவிடுவேன், பிறகு அவர்கள் என்னை நோயாளியைப் பார்ப்பது போலப் பார்ப்பார்கள். மெயிலில் எழுதினால் அழுகை தெரியாது.

கமரா ஒன்று வாங்கப் போகிறேன். சிரிக்காதீர்கள். பல் வைத்தியரிடம் என்னோடு வேலை செய்யும் றுஷ்னா, புறக்கோட்டையில் பாவித்த கமரா விற்கும் ஸாலிஹ் என்பவரிடம் கூட்டிக்கொண்டு போனாள். அவர் மேசையில் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று பழைய டிஎஸ்எல்ஆர், செங்கல் மாதிரிப் பாரம். மற்றது கைக்குள் அடங்கும் ட்ரவல் ஸூம். பொத்தானை அழுத்த அதன் மூக்கு நீண்டுகொண்டே போகிறது. கடை வாசலில் நின்றே எதிர்மாடியில் கொடியில் காய்ந்த சாரத்தின் கோடுகளைப் பார்த்தேன்.

“ட்ரிப் போறதுக்கென்றா சின்னத எடுங்க மிஸ். மத்தது கல்யாண வீட்டுக்குப் படம் புடிக்கிற ஆக்களுக்கு” என்றார்.

நுவரெலியாப் பக்கம் போக யோசித்திருக்கிறோம். எது நல்லது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். தூரத்தில் நிற்கும் ஒருவரின் முகம் எதில் தெளிவாக விழும்? வீட்டுக்குள் லைட் வெளிச்சம் மட்டும் என்றால்? எடுக்கும்போது சத்தம் வருமா?

ஹம்சியை நேற்றும் கூட்டிவரவில்லை. காய்ச்சலாம். அதற்கு முதல் பரீட்சையாம். வழக்கு முடியும்வரை பிள்ளை தகப்பனோடு கொட்டாஞ்சேனையில் இருக்கட்டும், தாய் சனிக்கிழமைகளில் பார்க்கட்டும் என்றுதானே நீதிமன்றத்தில் சொன்னார்கள். நான் ஒவ்வொரு சனிக்கிழமையும் சந்திக்கச் சொன்ன கோயில் வாசலில் போய் நின்றுவிட்டுத் திரும்புகிறேன். அம்மாவைப் பார்க்க விருப்பமில்லை என்று பிள்ளையே சொல்கிறதாம். மாமி ரெலிபோனில் சொன்னா. எட்டு வயதுப் பிள்ளை, அண்ணா.

பதில் போடுங்கள்.

உங்கள் அன்புத் தங்கச்சி,
துஷ்யந்தி


பேர்கன், நோர்வே
2025 பெப்ரவரி 12

அன்புத் தங்கச்சி துஷிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நான் சந்தோஷப்பட்டேன். வீட்டைவிட்டு வந்த நாளிலிருந்து நீ உனக்கென்று எதையும் ஆசைப்பட்டதாக எழுதவில்லை. நுவரெலியாவுக்குக் கட்டாயம் போய் வா.

கமராவைப் பற்றி என்னிடம் கேட்டால் நான் நிறுத்த மாட்டேன் என்று அண்ணி இப்போதே சிரிக்கிறா. சின்னக் கமரா தூரத்தை இழுத்துத் தரும், சத்தம் போடாது, கைப்பையில் கிடக்கும். ஆனால் அதன் உள்ளே படம் விழுகிற இடம் சின்னி விரல் நகத்தளவுதான். வெயிலில் பிழையில்லை. ரியூப் லைட் வெளிச்சத்தில் முழுக்க இழுத்து ஒரு முகத்தை எடுத்தாயோ, தண்ணீர் பட்ட சித்திரம் மாதிரிக் கரைந்துவிடும். கையும் நடுங்கும். பழைய டிஎஸ்எல்ஆர் பத்து வருடப் பழசாக இருந்தாலும் முகத்தை முகமாகத் தரும். பாரம், சத்தமும் வரும், நீள லென்ஸ் போட்டால் தெருவே திரும்பிப் பார்க்கும். மலையையும் தேயிலையையும் எடுக்கிறதென்றால் சின்னதை வாங்கு. மனிதரை என்றால் பெரியதை வாங்கிக்கொண்டு கிட்டப் போ.

ஹம்சியை நினைத்தால் சாப்பாடு இறங்கவில்லை. நான் கிருபாகரனோடு ஒரு வார்த்தை கதைக்கட்டுமா? என்ன இருந்தாலும் என்னோடு ஒன்றாகப் படித்தவன். உங்கள் சம்பந்தத்தைக் கொண்டுவந்ததே நான்தானே. நான் சொன்னால் கேட்பான்.

அன்புடன்,
அண்ணா சிவபாலன்


வெள்ளவத்தை
2025 மார்ச் 2

அன்புள்ள அண்ணா,

நீங்கள் சொன்னதைக் கேட்காமல் சின்னதைத்தான் வாங்கினேன். கைப்பைக்குள் மறைக்கக்கூடியது அதுதான்.

நுவரெலியாப் பயணம் இல்லை. உங்களுக்குப் பொய் எழுதி மனது கேட்கவில்லை. கொட்டாஞ்சேனையில் ஹம்சி சனிக்கிழமைகளில் நடன வகுப்புக்குப் போகிறாள். மாடியில் ஒரு மண்டபம். தெருவுக்கு எதிர்ப்பக்கம், மூன்றாம் மாடியில் றுஷ்னாவின் உம்மா இருக்கிறா. அவவின் ஜன்னலில் நின்றால் மண்டபத்து ஜன்னல் நேரே தெரியும். பிள்ளை என்னைப் பார்க்க வேண்டாம், அண்ணா. நான் பார்த்தால் போதும். வளர்ந்திருக்கிறாளா, மெலிந்துவிட்டாளா, அவ்வளவுதான்.

நேற்றுப் போனேன். றுஷ்னாவின் உம்மா தேத்தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டு, “ஜன்னல் கதவுக்குப் பின்னால நில்லுங்க மகள், வெளியில தெரியாது” என்றா. இரும்புக் கம்பிகளுக்கு நடுவே கமராவை வைத்து முழுக்க இழுத்தேன். தாளம் கேட்டது, பிள்ளைகளின் காலடிச் சத்தம் கேட்டது. படம் படமாக எடுத்துக்கொண்டே இருந்தேன்.

அறைக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தேன். நீங்கள் எழுதினது போலவே எல்லாம் கரைந்து கிடந்தது. ஒரே நிறப் பாவாடை, ஒரே மாதிரிப் பின்னல். கண் இருக்க வேண்டிய இடத்தில் அழுக்கு மாதிரி ஒரு நிழல். இதுதான் ஹம்சி என்று ஒரு பிள்ளையைக் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அது மற்றப் பிள்ளையோ என்று நினைத்தேன். அண்ணா, பெற்ற தாய் நான். எது என்னுடைய பிள்ளை என்று எனக்குத் தெரியவில்லை.

அதன் பிறகு வெள்ளவத்தைக் கடற்கரையில் தண்டவாளத்தோரம் கனநேரம் இருந்தேன். பயப்படாதீர்கள், இருந்தேன், எழும்பி வந்துவிட்டேன்.

கிருபாகரனோடு கதைக்க வேண்டாம். கெஞ்சிக் கேட்கிறேன். அவரிடம் என்ன போனாலும் அது வழக்குக் கட்டுக்குள் போய்விடும். என்னை அடித்த கையை உங்களுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரிந்தது உங்களோடு கிரிக்கெட் விளையாடிய கை.

துஷ்யந்தி


பேர்கன்
2025 மார்ச் 4

துஷி,

தண்டவாளத்தோரம் போகாதே. இதை முதலில் எழுதுகிறேன். வேலைக்குப் போகாமல் இருந்து எழுதுகிறேன்.

இந்த ஜன்னல் வேலையை விடு. உன் ஏக்கம் எனக்கு விளங்குகிறது. ஆனால் அங்கே மற்றவர்களின் பிள்ளைகளும் ஆடுகிறார்கள். யாராவது ஒரு தகப்பன் நிமிர்ந்து பார்த்தால் உன்னை என்னவென்று நினைப்பான்? கிருபா அறிந்தால் இருக்கிற சனிக்கிழமையும் போய்விடும். உனக்காக நான் வேறு வழி தேடுகிறேன். கொஞ்சம் பொறு.

ஒவ்வொரு நாளும் ஒரு வரியாவது எழுது. வெறுமனே ‘நலம்’ என்று எழுதினாலும் போதும்.

அண்ணா


வெள்ளவத்தை
2025 ஏப்ரல் 6

அன்புள்ள அண்ணா,

கோபிக்காதீர்கள். நான் விடவில்லை.

கமராவை மாற்றக் கொண்டுபோனபோது, “யார எடுக்கப் போறீங்க மிஸ்?” என்று ஸாலிஹ் கேட்டார். என்னுடைய மகளை என்றேன். மேலே ஒன்றும் கேட்காமல் சின்னதை எடுத்துக்கொண்டு அந்தச் செங்கலைத் தந்தார். நீள லென்ஸ் ஒன்றையும் கடனாகப் போட்டுத் தந்தார். பேப்பர் பையில் சுற்றி, மரக்கறி மாதிரி பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன்.

போன கிழமைகளில் ஒன்றும் சரிவரவில்லை. நேற்று அவள் தண்ணீர் குடிக்க ஜன்னலடிக்கு வந்தாள். ஒரே ஒரு தரம் அழுத்தினேன். அந்தச் சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும் என்று கீழே குந்திவிட்டேன்.

இதோடு அனுப்பியிருக்கிறேன், பாருங்கள். ஹம்சியேதான். கன்னத்தில் வியர்வை, மேல் உதட்டில் தண்ணீர். கண்ணாடி போட்டிருக்கிறாள், அண்ணா. ஊதா நிற ஃப்ரேம். என்னுடைய பிள்ளைக்குக் கண் தெரியாமல் போயிருக்கிறது, யாரோ வைத்தியரிடம் கூட்டிப்போயிருக்கிறார்கள், அவள் பயந்திருப்பாள், எழுத்துகளை வாசிக்கச் சொல்லியிருப்பார்கள். எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. ஒரு வரி மெசேஜ் போட்டிருக்கலாம்.

இந்தப் படம் உங்களுக்கு மட்டும். அண்ணிக்குக் காட்டலாம்.

துஷ்யந்தி


பேர்கன்
2025 மே 4

அன்புத் தங்கச்சிக்கு,

இதை எழுதப் பல நாள் யோசித்தேன். உன் படத்தைப் பார்த்து அண்ணி அழுதுவிட்டா. ‘கண்ணாடி போட்டதுகூடத் தாய்க்குத் தெரியாதா’ என்ற கேள்வி என்னை நித்திரை கொள்ள விடவில்லை.

நான் அதைக் கிருபாவுக்கு அனுப்பினேன். எங்கேயிருந்து எப்படி எடுத்தாய் என்பதையும் எழுதினேன். ‘மச்சான், ஒரு தாய் இப்படி ஒளிந்து நின்று பார்க்கிற நிலைமைக்கு விடலாமா? உனக்கும் ஒரு தாய் இருக்கிறா தானே’ என்று கேட்டேன். உனக்காக நான் ஒருவரிடமும் இவ்வளவு இறங்கிக் கெஞ்சியதில்லை. ‘பாத்தன் மச்சான். கதைப்பம்’ என்று பதில் போட்டிருக்கிறான். கோபமாக ஒரு சொல் இல்லை. நல்லதாக முடியும் என்று என் மனது சொல்கிறது.

அண்ணா


வெள்ளவத்தை
2025 மே 6

அண்ணா,

என்ன செய்துவிட்டீர்கள்?

இன்று காலை என்னுடைய லோயர் கூப்பிட்டார். நீங்கள் எழுதினதை அச்செடுத்து, படத்தோடு கோட்ஸுக்குக் கொடுத்திருக்கிறார் உங்கள் மச்சான். தாய்க்கு மனநிலை சரியில்லை, பிள்ளைகளை ஒளிந்து படம் எடுக்கிறா, அதனால் சனிக்கிழமைகளையும் நிறுத்த வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். சாட்சி என்னுடைய சொந்த அண்ணன்.

றுஷ்னாவின் உம்மா வீட்டுக்குப் பொலிஸ் போயிருக்கிறது. இந்த வயதில் அவ அவர்களுக்கு முன்னால் சிங்களத்தில் தடுமாறி நின்றிருக்கிறா. றுஷ்னா இன்றைக்கு என் பக்கம் திரும்பவே இல்லை. மத்தியானம் தனியாகச் சாப்பிட்டேன். சாப்பிட்டேன் என்று சொல்ல முடியாது.

அவரைக் கூப்பிடுங்கள். நீங்கள் எழுதினது பொய் என்று சொல்லுங்கள். என்னைப் பைத்தியம் என்று வேண்டுமானாலும் சொல்லுங்கள். பிள்ளையைக் காட்டாமல் விட வேண்டாம் என்று மட்டும் சொல்லுங்கள். எனக்கு வேறு ஆள் இல்லை.

துஷ்யந்தி


பேர்கன்
2025 மே 9

துஷி,

நேற்று முழுக்கக் கிருபாவுக்கு ரெலிபோன் எடுத்தேன். எடுக்கிறான் இல்லை. இப்போது என்னைப் புளொக் பண்ணிவிட்டான். மாமியின் நம்பரும் வேலை செய்யவில்லை.

நல்லது நினைத்துத்தான் செய்தேன். ரிக்கெற் பார்க்கிறேன், வந்து நீதிமன்றத்தில் நானே சொல்கிறேன். தண்டவாளப் பக்கம் போகாதே. தயவுசெய்து ஒரு வரி எழுது.

அண்ணா


வெள்ளவத்தை
2025 ஜூன் 17

அண்ணாவுக்கு,

உங்கள் மெயில்கள் எல்லாம் கிடைத்தன. வர வேண்டாம் என்று லோயர் மூலம் சொன்னது நான்தான். நடந்ததை நீங்கள் அறிய வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

புதுக்கடை நீதிமன்றத்தில் மே கடைசியில் வழக்கு எடுத்தார்கள். நீதிபதி ஒரு பெண். படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று சிங்களத்தில் கேட்டா. எனக்குத் தெரிந்த சிங்களத்தில், கூட்டிக்கொண்டு வரவில்லை என்றேன். மற்றவர்களின் பிள்ளைகளும் அங்கே இருந்தார்கள் என்பதை யோசித்தீர்களா என்று சத்தமாக ஏசினா. தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அவ ஏசினதில் பிழையில்லை.

பிறகு, இந்தப் படத்தால் உங்களுக்கு என்ன கிடைத்தது என்று கேட்டா. “பிள்ளை கண்ணாடி போட்டது எனக்கு இதைப் பார்த்துத்தான் தெரியும்” என்றேன்.

அவ கிருபாகரன் பக்கம் திரும்பி, தாய்க்கு அறிவித்தீர்களா என்று கேட்டா. அவர் தன்னுடைய லோயரைப் பார்த்தார். லோயர் வழக்குக் கட்டைப் புரட்டினார். அந்தச் சனிக்கிழமைகளில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் மருந்துத் துண்டு எங்கே என்று கேட்டா. அதுவும் இல்லை.

அந்தத் தெருப் பக்கம் நான் இனிப் போகக் கூடாது, கமரா தூக்கக் கூடாது. சனிக்கிழமையும் இல்லை. புதன்கிழமைப் பின்னேரங்களில், கோட்ஸிலேயே குடும்ப ஆலோசகரின் அறையில், அவர் முன்னால் பார்க்க வேண்டும். கூட்டிவராவிட்டால் கிருபாகரன் நேரே வந்து காரணம் சொல்ல வேண்டும்.

போன புதன்கிழமை வந்தாள். எனக்கு ஒரு கதிரை தள்ளி, நுனியில் இருந்தாள். நான் தொடவில்லை. ஆலோசகர் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார்.

“அப்பம்மா சொன்னவ, நீங்க முன்வீட்டு ஜன்னலில நிண்டனீங்களாம்” என்றாள்.

“ஓம் குஞ்சு.”

“கன நாளோ?”

“கன நாள்.”

“அப்ப ஏன் என்னைக் கூப்பிடேல்லை? ஒருக்காக் கூப்பிட்டிருந்தா நான் திரும்பிப் பாத்திருப்பனே.”

“நீங்க என்னைப் பாக்க விருப்பமில்லை எண்டு சொன்னனீங்களாமே” என்றேன்.

“நான் சொல்லேல்லை” என்றாள். “நீங்கதான் வரமாட்டன் எண்டு சொன்னனீங்களாம்.”

பிறகு கதிரை மாறி வந்து இருந்தாள். தலையில் வேறு எண்ணெய் வாசம். ஆனால் அவள்தான்.

நீங்கள் அனுப்பியிராவிட்டால் இந்தப் புதன்கிழமை இல்லை என்று அண்ணி சொல்வா. உண்மைதான். நானும் அதைப் பல தரம் எனக்குச் சொல்லிப் பார்த்தேன். ஆனால் அனுப்பும்போது இப்படி முடியும் என்று உங்களுக்குத் தெரியாது. நீதிபதி வேறு மாதிரி நினைத்திருந்தால் நான் இன்றைக்கு இதை எழுத இருந்திருக்க மாட்டேன். கிருபாகரனோடு கதைக்க வேண்டாம் என்று எழுதினேன். கலியாணம் பேசினபோதும் வேண்டாம் என்றுதான் சொன்னேன். ‘அவனை எனக்குத் தெரியும்’ என்றீர்கள். இரண்டு தரமும் நீங்கள் என்மேல் இருந்த அன்பில்தான் செய்தீர்கள். இரண்டு தரமும் நான் சொன்னது உங்களுக்குக் கேட்கவில்லை.

கமராவை ஸாலிஹிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். றுஷ்னாவின் உம்மாவிடம் போய் மன்னிப்புக் கேட்க வழியில்லை, அந்தத் தெருவுக்குள் நான் போக முடியாது. றுஷ்னாவிடம் சொல்லியிருக்கிறேன். இன்று அவள் என்னோடு சாப்பிட வந்து இருந்தாள்.

உங்களை வெறுக்கவில்லை. ஆனால் இனி என் வாழ்க்கையில் நடக்கிற எதையும் உங்களுக்கு எழுத எனக்குப் பயமாக இருக்கிறது. பயத்தோடு எழுதுகிற கடிதம் உங்களுக்கும் வேண்டாம்.

நாளைக்குப் புதன்கிழமை. மீன் பனிஸ் கொண்டுவரச் சொல்லியிருக்கிறாள்.

இதற்குப் பதில் எழுத வேண்டாம்.

துஷ்யந்தி