எரிந்த வீட்டின் முகவரி

நீ எந்த ஊர்க்காரி? முப்பது வருடமாகியும் இதற்கு என்னிடம் பதில் இல்லை.

இன்று மாலை எதிர்வீட்டுப் பெண் பல்கலைக்கழக விண்ணப்பப் படிவத்தோடு வந்தாள். வன்னியிலிருந்து இடம்பெயர்ந்து வந்த குடும்பம். "அன்ரி, எனக்கு எந்த மாவட்ட வெட்டுப்புள்ளியப் பாப்பினம்? கிடைக்குமோ?" என்று கேட்டாள். படிவத்தில் புதுத் தாளின் மணம். கோபம்தான் முதலில் வந்தது. நீ பிறகுதான் நினைவில் வந்தாய்.

கலவரத்தில் கொழும்பு வீடு எரிந்தபின், உடுத்த உடுப்போடு உங்களை மட்டக்களப்பின் மண்டூருக்குக் கூட்டிவந்தார் உன் அம்மா. அது அவருடைய சீதன வீடு. வாவிக்கு அக்கரையிலிருந்து நான் படகில் வந்து படித்த வகுப்பில் நீ சேர்ந்தாய். கோயில் திருவிழாவில் யாரும் உன்னை வெளியூராள் என்று பார்க்கவில்லை. இங்கே பிள்ளைக்குத் தாயின் குடிதான், தாய்வழிக் குலம்தான். "அவள் எங்கட குடிப் பிள்ளை" என்றார்கள். அதற்குமேல் ஓர் அத்தாட்சியும் தேவைப்படவில்லை.

அந்த வழக்கத்தை நம்பித்தான் நான் பிழை விட்டேன். பல்கலைக்கழகம் போக மாவட்டத்துக்கு மாவட்டம் எவ்வளவு புள்ளி வேண்டும் என்று முந்தைய வருட வெட்டுப்புள்ளிகள் வந்த பத்திரிகையை உங்கள் குசினியில் அடுப்போரம் விரித்து, மட்டக்களப்பு வரியில் விரலை வைத்தேன். மருத்துவத்துக்கு உன் புள்ளி தாராளமாகக் காணும்.

"உனக்கு உறுதி கா. மருத்துவம் மட்டும் போதும், மத்தப் பாடமெல்லாம் படிவத்தில என்னத்துக்கு? வெட்டிவிடு."

"நீயென்ன, பல்கலைக்கழக ஆணைக்குழுத் தலைவியோ?"

"ஓம். முத்திரை மட்டும்தான் இல்ல."

நீ சிரித்துக்கொண்டே விண்ணப்பப் படிவத்தில் மற்ற வரிகளுக்குக் குறுக்கே கோடு போட்டாய், அடிமட்டம் வைத்து, நேராக.

உனக்கு வந்த பதில் உன்னைக் கொழும்பு மாவட்ட விண்ணப்பதாரி என்றது. கொழும்பின் வெட்டுப்புள்ளிக்கு நீ எட்டவில்லை. தகப்பனின் நிரந்தர வதிவிடம் கொழும்பாம். எரிந்த வீட்டின் முகவரியில் அவர் பெயர் மட்டும் வாக்காளர் இடாப்பில் எரியாமல் இருந்தது. அங்கே இருக்கவிடாமல் துரத்தினார்கள். பிறகு, அந்த ஊர்ப் பிள்ளைகளோடு போட்டிபோடு என்றார்கள். நீ படித்தது குப்பி விளக்கில், பாதி நாள் பூட்டிக் கிடந்த பள்ளிக்கூடத்தில். அதை எழுதப் படிவத்தில் இடம் இல்லை. மேன்முறையீட்டுக்குப் பதிலே வரவில்லை.

பின்தங்கிய மாவட்டங்களுக்கு ஒதுக்கீடு கூடாது என்று நான் சொல்லமாட்டேன். அதில்தான் நான் விஞ்ஞான பீடத்துக்குப் போனேன், உன்னைவிடக் குறைந்த புள்ளியோடு. உனக்கு அதுவும் இல்லாமல் போனது நான் வெட்டச் சொன்ன வரிகளால்.

நீ ஒருநாளும் என்னைக் குற்றம் சொல்லவில்லை. அதற்காகவும் உன்மேல் கோபம். வைத்தியசாலையில் வெளிநோயாளருக்குத் துண்டுச் சீட்டு எழுதிக்கொடுத்தே காலத்தைப் போக்கினாய். "டொக்டர்மாரவிட நான் நல்லம் கா, என்ர எழுத்து விளங்கும்" என்பாய். நான் சிரித்ததில்லை.

போன மாசியில் உன் பிரேதத்தைத் தூக்கும்போது முன்னுக்கு நின்றவர்கள் உன் குடி ஆட்கள்தான். "எங்கட பிள்ளை" என்றார்கள். அன்றைக்கும் யாரும் இடாப்பைக் கேட்கவில்லை.

எதிர்வீட்டுப் பெண்ணிடம், "தெரியாது பிள்ளை. உங்கட பதிவு எங்க இருக்கெண்டு முதல்ல பார். ஒரு வரியையும் வெட்டாத" என்று மட்டும் சொன்னேன்.

என் கைப்பையில் ஒரு சின்னப் பூட்டின் திறப்பு கிடக்கிறது. அதற்குரிய பெட்டி எப்போதோ போய்விட்டது. உனக்குப் பதில் வந்ததற்கு அடுத்த நாள் காலைப் படகில் வாவியைத் தாண்டி எங்கள் வீட்டுக்கு வந்தாய். நான் கம்பசுக்குப் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன். உன் பெட்டிக்கென்று வாங்கிவைத்திருந்த பூட்டை நீட்டினாய்.

"பூட்டி வை கா. ஹொஸ்டலில சாமான் காணாமப் போகுமாம்."

நான் வாங்கிப் பூட்டினேன். நீ, திறப்பு சரியாகத் திரும்புகிறதா என்று இரண்டு தரம் பார்த்துவிட்டு, தேத்தண்ணியும் குடிக்காமல், அடுத்த படகுக்குப் போனாய்.