சாய்வு லென்ஸில் ஜெபசிங்

நாள் 211, காலை. செவ்வாய்க் கிரகம், பள்ளத்தின் மேல்விளிம்பு
பதிவு: பூங்கோதை, நிலவியல் படப்பிடிப்பு.

வழக்கமான வேலை. டில்ட்-ஷிஃப்ட் லென்ஸால் விளிம்புப் பாறைகளை எடுத்தேன். இதன் கழுத்தைச் சரியாகச் சாய்த்தால் காலடிக் கூழாங்கல் முதல் தூரத்துக் குன்று வரை எல்லாம் துல்லியமாக விழும். மேலே நகர்த்தினால் உயரக் கோபுரமும் நிமிர்ந்து நிற்கும். பிறகு கணினியில் திருத்தலாமே என்பார்கள். திருத்தினால் ஓரங்கள் நைந்துவிடும், பாறை அடுக்கை அளக்க முடியாது. கீழே பள்ளத்தில் கூடாரம் போட்டு, சக ஊழியன் ஜெபசிங் பாறையைத் துளையிடுகிறான். இந்தக் கிரகத்தில் நாங்கள் இரண்டே பேர்.

நாள் 213, மதியம்
மணற்புயல். மற்ற லென்ஸ்கள் எல்லாம் கீறிப் பாழ். ஜெபசிங்கின் கூடாரத்தில் பிராணவாயுக் கருவி நின்றுவிட்டது. சேமிப்பு நாளை இரவு வரை தாங்கும். சரிவு செங்குத்து, அவனால் ஏறி வர முடியாது. இறங்கும் வண்டி என்னிடம் இருக்கிறது. அதன் பூட்டைப் பூமியில் இருப்பவர்கள்தான் திறக்க வேண்டும். முன்பு ஒரு குழு ஊர் திரும்பும் ஆசையில் பொய்க் குரலும் பொய் அளவீடும் அனுப்பியதாம். அதனால் படம் இல்லாமல் நம்பமாட்டார்கள். வீடியோவுக்கு அலைவரிசை போதாது.

லென்ஸின் சாய்வுத் திருகு, புழுதி ஏறி, தவறான பக்கம் சாய்ந்தபடியே இறுகிவிட்டது. நடுவில் ஒரு கீற்று மட்டும் தெளிவு, மேலும் கீழும் மங்கல். உயரத்திலிருந்து எடுத்தால் எல்லாமே பொம்மையாகத் தெரிகிறது. இருந்தும் அனுப்பினேன். சரிபார்ப்பு அதிகாரி கோதண்டத்தின் பதில்:

"இது மேஜைமேல வெச்சு எடுத்த பொம்மை செட்டுங்க. எங்க வீட்டுக் கொலுவே இதைவிட நல்லா இருக்கும். பூட்டைத் திறக்க முடியாது."

லென்ஸைப் பற்றி விளக்கி எழுதினேன். விளக்கம் கிடைத்தது, படம்தான் வேண்டும் என்றார்கள்.

நாள் 214, காலை
திருகைக் கல்லால் தட்டினால் இளகலாம். ஆனால் எங்கள் தொழிலில் யாரும் லென்ஸைத் தட்டமாட்டார்கள். உடைந்தால் வேறு இல்லை. தூரிகையாலும் ஊசியாலும் நோண்டிக்கொண்டிருக்கிறேன்.

ஜெபசிங் ரேடியோவில் கூப்பிட்டான். "எக்கா, நான் வெளிய வந்து கையை ஆட்டுதேன். பொம்மை கை ஆட்டுமா? எடுத்து அனுப்புங்க."

கதவைத் திறந்தால் கூடாரத்துக் காற்று பாதி போய்விடும். வேண்டாம் என்றேன். ஒரு முறைதான் சொன்னேன். அவன் வந்தான், ஆட்டினான், வரிசையாக எடுத்தேன்.

நாள் 214, மதியம்
கோதண்டத்தின் பதில்: "ஒவ்வொரு படத்துலயும் பொம்மையோட கையை மாத்தி வெச்சிருக்கீங்க. உழைப்பு தெரியுது. ஆனா விதி விதிதாங்க."

பாவி.

நாள் 214, மாலை
கூடாரத்தில் காற்று தீர்ந்துவிட்டது. உடையில் இருக்கும் காற்றோடு வெளியே வந்து உட்கார்ந்திருக்கிறான். "எக்கா, இப்ப தெளிவா விழுதா?" என்றான். விழுகிறது என்றேன். பொய். அதன்பிறகு அவன் பேசவில்லை.

கல்லை எடுத்தேன். ஒரே தட்டு. திருகு இளகிவிட்டது. ஒரே தட்டு, கடவுளே. சாய்த்து எடுத்து அனுப்பினேன்.

நாள் 214, இரவு
"இது உண்மைப் படம்னு ஒத்துக்கறோம். காலடிக் கல்லுல இருந்து ஆள் வரைக்கும் என்ன தெளிவு! பூட்டைத் திறந்தாச்சு. ஆளைக் கொஞ்சம் எழுந்து நிக்கச் சொல்லி இன்னொண்ணு எடுங்க, கோப்புக்கு வேணும்."

வண்டியில் பச்சை விளக்கு எரிகிறது. இறங்கப் போகிறேன். அவன் எழுந்து நிற்கமாட்டான் என்று கோதண்டத்துக்கு நான் சொல்லவில்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கட்டும். முகம்கூடத் தெளிவாகத்தான் விழுந்திருக்கிறது.