சாட்சியிடம் சொல்லாதது

மார்ச் 4

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் இன்று படுக்கை விரிப்புகள் மலைபோலக் குவிந்துவிட்டன. அக்கா இருந்தால் மறுமுனையைப் பிடிப்பாள். இப்போது நாற்காலி முதுகில் ஒரு முனையைச் செருகி, நானே இழுத்து மடிக்கிறேன். வேலைக்கு வரும் வழியில் அவள்மேல் கார் ஏறி இரண்டு மாதம்.

ஏற்றியவனிடம் இந்த நாட்டில் தங்க விசா இல்லை. அதனால்தான் இன்று ஒரு சட்டமன்ற உறுப்பினரின் செயலாளர் வீடு தேடி வந்தார். விசா இல்லாதவர்களைப் பிடிக்கப் புது மசோதா கொண்டுவருகிறார்களாம். மக்கள் பாதுகாப்புக்காம். பிரசாரத்துக்கு அக்கா படம் வேண்டுமாம். எனக்கு மனசு கொதித்துக்கொண்டிருந்தது. மசோதாவில் என்ன இருக்கிறது என்றுகூடக் கேட்காமல் படத்தைக் கொடுத்துக் கையெழுத்தும் போட்டேன்.

மார்ச் 11

வழக்கு ஒரே ஒரு சாட்சியை நம்பி நிற்கிறது என்கிறார் அரசு வக்கீல். அன்று எதிர்க் கட்டடத்தில் கயிற்றில் தொங்கி ஜன்னல் துடைத்துக்கொண்டிருந்தவர். கார் நிற்காமல் போனதையும், ஓட்டியவன் முகத்தையும் பார்த்தவர் அவர் மட்டும்தான். இறங்கி ஓடிவந்து தன் சட்டையைக் கழற்றி அக்காவுக்குப் போர்த்தியவரும் அவர்தான். அம்மாவும் நானும் அவரைக் 'கண்ணாடிக்காரர்' என்கிறோம்.

அந்தச் சட்டையை நாலு முறை துவைத்தேன். கறை போகவில்லை. நான்தான் சலவைக்காரி!

மார்ச் 19

கண்ணாடிக்காரரைப் பார்த்தேன். அவருக்கும் விசா இல்லையாம். தூக்கிவாரிப்போட்டது.

"கோர்ட்ல சாட்சிகிட்ட அதெல்லாம் கேக்க மாட்டாங்க தங்கச்சி. பாத்ததைத்தானே சொல்லப் போறேன், வந்துடறேன்" என்றார்.

ஏப்ரல் 2

மசோதா நிறைவேறிவிட்டது. டிவியில் அக்கா சிரிக்கிறாள். திங்கள் முதல் அமல். இப்போதுதான் உட்கார்ந்து படித்தேன். நீதிமன்றத்துக்கு வரும் எவரிடமும் விசா கேட்கலாம், சாட்சியானாலும் சரி. இல்லையென்றால் அங்கேயே பிடித்துக்கொள்ளலாம்.

ஏப்ரல் 3

அவருக்குச் சொல்லிவிட வேண்டும்.

ஏப்ரல் 5

சொல்லவில்லை. போனை எடுத்தேன், வைத்தேன். சொன்னால் வருவாரா? வராவிட்டால் அக்காவைக் கொன்றவன் கையை வீசிக்கொண்டு போய்விடுவான் — நான் என்னதான் பண்றது?

"அந்த மனுஷன்கிட்ட சொல்லிட்டியா?" என்று அம்மா கேட்டாள்.

"சொல்லிட்டேம்மா. அப்படியும் வரேன்னுட்டார்."

இவ்வளவு சுலபமாகப் பொய் வந்தது.

ஏப்ரல் 9

வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, படிய வாரிய தலை. கூண்டில் ஏறி எல்லாவற்றையும் சொன்னார். கடைசியில் யாரும் கேட்காமலே, "தங்கச்சி தனியா மடிச்சிட்டிருப்பா, நேரமாச்சுன்னு சொன்னாங்க" என்றார். அக்கா கடைசியாகப் பேசியது அது. எனக்கு இன்றுதான் தெரியும்.

வாசலில் இரண்டு அதிகாரிகள் அவரிடம் விசா கேட்டார்கள். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"உனக்குத் தெரியுமா தங்கச்சி?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். துவைத்த சட்டை என் பையிலேயே இருந்தது.

ஏப்ரல் 23

தீர்ப்பு வந்தது. ஏழு வருடம் சிறை. வக்கீல் கை குலுக்கினார். செயலாளர் வாழ்த்துச் சொன்னார். கண்ணாடிக்காரரைப் போன வாரமே விமானம் ஏற்றிவிட்டார்களாம்.

ஏப்ரல் 27

அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவள் கொடியில் காய்ந்த போர்வையை எடுத்தாள். நான் போய் மறுமுனையைப் பிடித்தேன். அதை என் கையிலிருந்து வாங்கி, நாற்காலி முதுகில் செருகித் தானே மடித்துக்கொண்டாள்.